இரண்டு லாக்லன் மக்கூயிஷ்

இருபத்தொன்பது மணி நேரமாகத் தீவுக்குப் படகு இல்லை. தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. படகுத்துறையில் இருந்த வானொலிப் பெட்டி மட்டும் அன்று காலையில் ஒருமுறை பேசியது. பிறகு அதுவும் வெறும் இரைச்சலானது. அது பேசிய பேச்சுக்காகத்தான் ஈஃபி தன் வீட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி பக்கவாட்டில் நடந்து, டொலினாவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சாவு விழுந்த வீட்டுக்கு மற்ற வீடுகளிலிருந்து நாற்காலி போகும். மாலையில் போதகர் வருவார், ஊர் கூடிச் சங்கீதம் பாடும், எல்லோரும் உட்கார வேண்டும். நான்கு நாற்காலிகளைக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. போதவில்லை என்றார்கள். மீதிக்காக ஊர்க்கூடத்துக்குப் போனாள்.

முந்தின நாள், கடலில் போட்ட நண்டு பிடிக்கும் கூடுகளை எடுக்கப் போன படகு பாறையில் மோதியது. படகில் இரண்டு பேர். ஒருவன் ஈஃபியின் கணவன், இன்னொருவன் டொலினாவின் கணவன். இரண்டு பேருக்கும் பெயர் லாக்லன் மக்கூயிஷ். புயல் முற்றும் முன்பே ஹெலிகாப்டர் வந்து இருவரையும் பெருநிலத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனது. இருவருக்கும் நினைவில்லை.

கூடத்துச் சுவரில் மக்கூயிஷ்கள் வரிசையாக இருந்தார்கள். பள்ளி ஆசிரியர் தேடித்தேடி மாட்டிய படங்கள். சீனத்திலிருந்து தேயிலைக் கப்பல் ஓட்டி வந்தவர், காலராக் காலத்தில் ஆப்பிரிக்காவில் வைத்தியம் பார்த்தவர், கனடாவில் பாலம் கட்டியவர், கிளாஸ்கோவில் ஒரு பந்தாட்ட அணிக்குக் கோல் காத்தவர். ஒருவர் பிறந்தபோது மற்றவர் மண்ணாகியிருந்தார். மூக்குகூட ஒன்றுபோல இல்லை. கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி ஆணி. அது எனக்கு என்பான் ஈஃபியின் கணவன். எதுக்கு, நண்டுகிட்ட கடி வாங்கினதுக்கா என்பான் டொலினாவின் கணவன். ஒவ்வொரு கூட்டத்திலும் இதையேதான் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் சிரிக்கும்.

படகுத்துறை ரோரி பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். காலையில் வானொலியைக் கேட்டவன் அவன்தான். கேட்டதும் போதகரைக் கூட்டிக்கொண்டு முதலில் டொலினா வீட்டுக்குப் போனான். பிறகு ஈஃபி வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி வாசலிலேயே நல்ல செய்தியைச் சொன்னான்.

"ஆஸ்பத்திரில சொன்னத இன்னொரு தடவை சொல்லு ரோரி," என்றாள் ஈஃபி.

"கல்யாணமான நாள்லேர்ந்து உன் புருஷன் பேச்ச நீ இப்படிக் கேட்டதில்லையே," என்றான் ரோரி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பேரு ஒண்ணுங்கறதால வயச வச்சுச் சொன்னாங்க. ரெண்டு பேர்ல மூத்தவரு போயிட்டாரு. இளையவரு கண்ணு முழிச்சிட்டாரு. நாய்க்குச் சோறு வச்சாளான்னு கேட்டாராம். அவ்ளோதான்மா. அதுக்குள்ள பெட்டி செத்துப்போச்சு."

அவள் பெஞ்சின் மறுமுனையைத் தூக்கினாள்.

ஊரில் யாரும் மக்கூயிஷ் என்று யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பாதித் தேவாலயம் திரும்பிப் பார்க்கும். டொலினாவின் கணவன் பெரிய லாக்லன். ஈஃபியின் கணவன் சின்ன லாக்லன். அவனுடைய தாத்தா குள்ளம். அந்தப் பெயர் அப்பாவுக்கு வந்து, பிறகு இவனுக்கு வந்தது. இவன் ஆறடிக்கு மேல். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய மாட்டான். சின்ன லாக்லன் பிறந்தது பிப்ரவரியில். பெரிய லாக்லன் பிறந்தது அதே வருஷம் மே மாதம். இதை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. மூத்தவர் என்றதும் ரோரியின் கால்கள் யோசிக்காமல் பெரிய லாக்லனின் வீட்டுக்குப் போயின. பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறவளுக்குத்தான் மாதம் தெரியும்.

வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததற்கும் சொல்வதற்கும் நடுவில் அவள் ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அது ஆறியது. மறுபடி வைத்தாள். மருத்துவமனையில் யாராவது மாற்றி எழுதியிருக்கலாம். வானொலி இரைச்சலில் ரோரி தலைகீழாகக் கேட்டிருக்கலாம். ஈஃபி வீட்டு நாய் புத்தாண்டுக்கே செத்துவிட்டது. அடுப்பெரிக்கும் கரிமண் குவியலுக்குப் பின்னால் குழி தோண்டியவனே அவள் கணவன்தான். தலையில் அடிபட்டவன் அதை மறந்திருக்கலாம். ஏன் மறக்கக் கூடாது? இதை யாரிடம் கேட்பது? கடலிடம் கேட்க முடியாது. அவள் வாயைத் திறக்காதவரை அவன் எங்கோ ஒரு கட்டிலில் கண் விழித்துக் கிடந்தான். படகு வரட்டும், அதுவரை என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாற்காலிகளைத் துடைத்தாள்.

டொலினாவின் வீட்டில் திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு துண்டு மூடியிருந்தது. பெண்கள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஈஃபியின் தோளைத் தொட்டு, உனக்காவது அவர் பிழைத்தாரே என்றார்கள். இன்னொருத்தி, அவர் வந்ததும் அந்தப் படகைக் கொளுத்தச் சொல்லு என்றாள். ஈஃபி தலையாட்டினாள்.

டொலினா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுததில் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் காலடியில் பெரிய லாக்லனின் ரப்பர் பூட்சுகள், அவற்றின் மேல் தாடையை வைத்து அவர்களுடைய நாய். பக்கத்தில் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"வாடி," என்றாள் டொலினா. நகர்ந்து இடம் கொடுத்தாள். "நீ ஏதாவது சாப்பிட்டியா?"

ஈஃபி பக்கத்தில் உட்கார்ந்தாள். டொலினா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆறுதல் சொல்கிறவள் டொலினாவாக இருந்தாள்.

போதகர் வந்து கோட்டைக் கழற்றினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஈஃபியின் நான்கு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவற்றை எந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வேதப் புத்தகம் திறக்கும் சத்தம் கேட்டது.

"கடைசியா என்ன சொன்னாருன்னுகூடத் தெரியலடி," என்றாள் டொலினா, மெல்ல, நாயைப் பார்த்துக்கொண்டே. "ஒரு வார்த்தையாவது தெரிஞ்சிருந்தா..."

காற்று புகைபோக்கியில் இறங்கி அடுப்பைக் கலைத்தது. நாய் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்சுகளின் மேல் சாய்ந்தது. போதகர் தொண்டையைச் செருமினார். ஈஃபி டொலினாவின் மடியிலிருந்து கையை எடுத்து, குனிந்து, சோற்றுத் தட்டை நாயின் வாயருகே நகர்த்தினாள். நிமிரவில்லை.

"டொலினா," என்றாள். "உன் லாக்லன்தான் கண்ணு முழிச்சுக் கேட்டாரு. நாய்க்குச் சோறு வச்சியான்னு."