மேலங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடியவன்

பார்த்தவன் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது டிசைனரின் கொள்கை. எதற்காக ஒட்டிக்கொண்டது என்பதெல்லாம் அடுத்த விஷயம். பற்பசை விளம்பரத்துக்காகப் பற்களுக்கு நடுவே திமிங்கிலத்தை நீந்தவிட்டவர் அவர். ஊரெல்லாம் திமிங்கிலத்தைப் பற்றியே பேசியது. பற்பசையின் பெயர் ஒருத்தருக்கும் நினைவில்லை. கம்பெனிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிசைனரோ, "திமிங்கிலம் ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவருக்குப் பெரிய பாடகி ஒருத்தியின் பாட்டு வீடியோ கிடைத்தது. பாடகி பாலைவனத்தில் நடக்க, அவளுடைய நீண்ட சிவப்பு மேலங்கி பின்னால் அலையலையாகப் பறக்க வேண்டும். மின்விசிறி வைத்துப் பார்த்தார்கள். மேலங்கி அசையவில்லை, பாடகியின் கூந்தல்தான் வாய்க்குள் போனது. கடைசியில், ஓர் ஆள் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடுவது என்று முடிவாயிற்று. ஸ்டூடியோ முழுக்கப் பச்சைத் துணி. ஓடுகிறவனுக்கும் முகத்தையும் மூடி, தலை முதல் கால் வரை அதே பச்சையில் உடை. பச்சையாக இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் அழித்துவிட்டு அங்கே பாலைவனத்தை வைத்துவிடும்.

அழிந்துபோகிற அந்த வேலைக்கு டிசைனர் கூட்டிவந்தது தன் மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை. கல்யாண வயது தாண்டியும் எந்த வேலையிலும் நிலைக்காத ஆள். "அவனுக்கு ஒரு வழி பண்ணிவிடுங்க" என்று மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், இவரும் கரைந்தார்.

முதல் நாள் ஒத்திகை முடிந்து, வியர்வையில் ஊறிய பச்சை உடையை மச்சான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். தம்பி உடம்பில் போட்டதாயிற்றே என்று அக்கா அதை வெந்நீரில் அலசிக் கொடியில் காயப்போட்டாள். சாயம் போய்விட்டது. மறுநாள் படம்பிடித்ததைப் போட்டுப் பார்த்தால், அந்த வெளிறிய பச்சையைக் கம்ப்யூட்டர் பச்சை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிலும் இருந்த துணியெல்லாம் பாலைவனமாகிவிட்டது, மச்சான் மட்டும் அழியாமல் மணலில் ஓடிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு காட்சியிலும் அவனைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அதற்குமுன் பாட்டின் வேகம் சரியா என்று பார்க்க, அரைகுறை வீடியோவை டிசைனர் பாடகிக்கு அனுப்பினார். பச்சை ஆளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்தார். அதை யார் படித்தார்கள்? பாடகி உடனே போன் செய்தாள்.

"சார், அந்தப் பச்சை மனுஷன்! என்னை அழவெச்சுட்டீங்க. நடுவுல நின்னு முதுகைச் சொறியறானே, அந்த இடம்! அந்தத் தனிமை! எப்படி சார் தோணிச்சு?"

உண்மை டிசைனரின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

"ரொம்ப நாளா எனக்குள்ளயே இருந்த ஆளு மேடம்" என்றார்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. பேட்டிமேல் பேட்டி. "நாம எல்லாருமே யாரோ ஒருத்தரோட அங்கியைத் தூக்கிட்டு ஓடற பச்சை மனுஷங்கதான்" என்று டிசைனர் ஒரு பேட்டியில் சொன்னபோது, கேள்வி கேட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அதைப் பார்த்த மச்சான் வாயைப் பிளந்தான்.

"மாமா, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அன்னிக்கு டிரெஸ்ஸுக்குள்ள எறும்பு பூந்துடுச்சு, அதான் சொறிஞ்சேன். அதை வெளியில சொல்லிடாதீங்க."

"நான் ஏன்டா சொல்லப்போறேன்?"

"வீடியோ கடைசியில பேர் போடுவாங்கல்ல மாமா, அதுல என் பேரையும்..."

"பேரைப் போட்டா மர்மம் போயிடும்டா. அடுத்த வீடியோவுல உன்னை நிரந்தரமா சேர்த்துவிடறேன். நான் பாத்துக்கறேன், போ."

மச்சான் நம்பினான். அக்காவிடமும் சொன்னான். அவள் தம்பிக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வீடியோவில் பாடகிக்குப் பின்னால் பச்சை மனிதர்களின் ஒரு படையே ஓட வேண்டுமாம். தேர்வு வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் பாடகி, நடன மாஸ்டர், நடுவில் டிசைனர். முகம் மூடிய பச்சை உடையில் ஒவ்வொருவராக வந்து ஓடிக்காட்டினார்கள். நடனம் கற்றவர்கள், சொறிவதைக்கூடத் தாளம் தப்பாமல் சொறிந்தார்கள். பிறகு மச்சான் வந்தான். நடையைப் பார்த்ததுமே டிசைனருக்குத் தெரிந்துவிட்டது. அவன் அன்றைக்குப் போலவே ஓடினான், நின்றான், முதுகைச் சொறிந்தான்.

நடன மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "வீடியோவை நல்லாப் பாத்துட்டு வந்திருக்கான். ஆனா அந்த ஒரிஜினல் ஆளோட சோகம் இவன் உடம்புல வரல."

"நகல் நகல்தான்" என்றாள் பாடகி. "நீங்க என்ன சார் சொல்றீங்க? உங்களுக்குள்ள இருந்த ஆளாச்சே!"

இவன்தான் அவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வெந்நீர், வெளுத்த சாயம், எறும்பு எல்லாம் சபைக்கு வந்துவிடும். டிசைனர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

மாலையில் வீட்டுக்குள் நுழையக் கால் கூசியது. மனைவி என்ன கேட்பாளோ என்று வாசலிலேயே செருப்பை மெதுவாகக் கழற்றினார். அவளோ கனிந்த முகத்தோடு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"தம்பி எல்லாத்தையும் சொன்னான். இவனுக்காக அந்த மாஸ்டரோட சண்டையே போட்டீங்களாமே? நானும் எந்திரிச்சுப் போயிடறேன்னு நீங்க கிளம்ப, 'வேண்டாம் மாமா'ன்னு இவன்தான் உங்களை உக்காரவெச்சானாம். போகட்டும் விடுங்க, நீங்க அவ்வளவு பேசினதே போதும்."

மச்சான் சன்னலோரம் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தான். நிமிரவில்லை.

டிசைனருக்கு அவமானத்தில் காது சுட்டது. இல்லை, நான் வாயையே திறக்கவில்லை என்று இப்போதாவது சொல்லிவிடலாம் என்றிருந்தது. மனைவி அவர் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, என்னால முடிஞ்சதைச் சொல்லிப் பாத்தேன்" என்றார்.