விளக்கு வெளிச்சத்தில் பச்சைக் கார்

குமாரபாளையம் கந்தவேலின் காப்பி கிளப்பில் பதினொரு மணிக்கு மேல் வருகிறவர்கள் காப்பிக்காக வருவதில்லை. அந்த நேரத்துக்குச் சேலத்து பஸ்ஸில் பேப்பர் வந்துவிடும். நூல் கடைக் குமாஸ்தா சண்முகவேல் அதை வாங்கிக்கொண்டு நேரே கிளப்புக்கு வந்து உரக்கப் படிப்பார். சந்தா கட்டுகிறவர் நூல் கடை முதலாளி மருதாசலம். ஆனால் பேப்பர் அவர் கைக்குப் போகுமுன் ஊரே அதைக் கேட்டு முடித்திருக்கும்.

கொலைக் கேஸ், உயில் கேஸ், பட்டணத்தில் டிராமில் மோதிய மோட்டார் எல்லாம் வேறு ஊர்க்காரர் சங்கதி. 1938-ஆம் வருஷம் மாசி மாதத்தில்தான் முதல்முறையாக உள்ளூர்க் கேஸ் அச்சில் வந்தது.

“கேளுங்க!” என்று சண்முகவேல் தொண்டையைச் செருமினார். “‘சங்ககிரி, புதன். குமாரபாளையம் நெசவாளி சென்னியப்பன் மீது மோதிவிட்டு நிற்காமல் போன மோட்டார் வழக்கில், சாயக்காரர் நாச்சிமுத்து சாட்சி சொன்னார். கார் பச்சை நிறம் என்று திட்டமாகக் கூறினார். எதிரியான திருச்செங்கோட்டு அரிசி மில் கார் டிரைவர் மயில்சாமி, அந்த நேரத்தில் தான் அங்கே இல்லை என்கிறார். குறுக்கு விசாரணை அடுத்த புதன்கிழமை.’”

“டிரைவரா ஓட்டியிருப்பான்? அரிசி மில்லுக்காரர் மவன் ஓட்டியிருப்பான். கூண்டுல நிக்கறது ஒருத்தன், காருல உக்காந்தது ஒருத்தன்.”

“அந்தக் காருக்கு இதுக்குள்ள வேற பெயிண்டு அடிச்சிருப்பாங்க, பாருங்க.”

“அடிச்சா என்ன? நம்ம நாச்சிமுத்து அண்ணன் பச்சைன்னா பச்சைதான். நெறத்துல அவரை மிஞ்ச ஆளிருக்குதா?”

கந்தவேல் நாச்சிமுத்துவுக்கு ஒரு காப்பி இலவசமாகக் கொண்டுவந்து வைத்தார். நாச்சிமுத்து அதைக் குடித்தார். இருபத்தெட்டு வருஷமாகச் சாயப்பட்டறை நடத்துகிறவர். பவானி ஜமக்காளக்காரர்கள்கூட ஆற்றுப் பாலம் தாண்டி அவரிடம்தான் நூல் கொண்டுவருவார்கள். நிறத்தைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சில்லை. பட்டறையின் மூலதனமே அந்த வார்த்தைதான்.

அன்று சாயங்காலம் பவானியிலிருந்து ஒருவர் சாயம் போட்ட நூல் கட்டு ஒன்றை, ஒரு சிட்டத்தை, எடுத்துக்கொண்டு வந்தார். “மாதிரிக்கு ஒத்து வந்திருக்குதான்னு இப்பவே ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போடுங்க. போவோணும்.”

“பொழுது உளுந்துருச்சுங்களே. விளக்கு வெளிச்சத்துல நெறம் பாக்க மாட்டனுங்க. பச்சை நீலமாக் காட்டும், நீலம் பச்சையாக் காட்டும். காலையில வாங்க.”

வருஷத்தில் நூறு தடவை சொல்கிற பேச்சு. சொல்லி முடித்ததும் நாச்சிமுத்துவின் கை தொட்டி விளிம்பில் அப்படியே நின்றது.

தை மாதத்தில் சென்னியப்பன் அடிபட்டதும் பொழுது விழுந்த பிறகுதான். சத்தம் கேட்டு நாச்சிமுத்து வெளியே ஓடி வந்தபோது, கிளப்பின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கார் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. பக்கத்தில் நின்ற சண்முகவேல், “பச்சைக் காரு! திருச்செங்கோட்டுக் காரு!” என்று கூவினார். கான்ஸ்டேபிள் வந்து நிறம் கேட்டபோது நாச்சிமுத்துவின் வாயிலும் பச்சைதான் வந்தது.

வீட்டுக்குப் போய் மனைவி பூவாத்தாளிடம் சொன்னார். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, இப்ப மாத்திச் சொன்னா ஊரு என்ன பேசும்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஆத்தூர் கேஸ்ல ஒருத்தன் சாட்சி மாத்துனான்னு பேப்பர்ல வந்தப்ப, காசுல கை நனைஞ்சிருச்சுன்னு கிளப்புல பேசினாங்க. நீங்களும் சேந்துதானுங்க பேசினீங்க.”



புதன்கிழமை சங்ககிரியில் எதிரித் தரப்பு வக்கீல் எழுந்ததும் நாச்சிமுத்து முந்திக்கொண்டார். “நெறத்தைச் சத்தியமாச் சொல்ல முடியாதுங்க. விளக்கு வெளிச்சத்துல பாத்தது.”

“இருபத்தெட்டு வருஷம் சாயம் போடுகிறவருக்குப் பச்சை தெரியாதா?” என்று சர்க்கார் வக்கீல் சீறினார்.

“இருபத்தெட்டு வருஷம் போட்டதாலதானுங்க சொல்றேன்.”

வழக்கு அடுத்த புதனுக்கு வாய்தா போயிற்று. சென்னியப்பனின் மனைவி ராமாத்தாள் கோர்ட்டின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். புருஷனின் வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தறிக் குழிக்குள் இறங்கி மிதி மிதிக்க இனி அந்தக் கால் ஆகாது.

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. சண்முகவேல் தலைப்பை மூன்று தடவை படித்தார். “‘சாட்சி பல்டி! பச்சை என்றவர் தெரியாது என்கிறார்!’”

“திருச்செங்கோட்டுக் காத்து அடிச்சிருச்சு போல!”

“அடிச்சா லேசாவா அடிச்சிருக்கும்?”

நாச்சிமுத்து உள்ளே வந்தார். பெஞ்சியில் இடம் இருந்தும் ஒருவரும் நகரவில்லை.

“ஒரு காப்பி, கந்தவேலு.”

“பாலு தீந்துபோச்சுங்க அண்ணா,” என்றார் கந்தவேல். அவர் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.

ஞாயிறு வரை பட்டறைக்கு ஒரு சிட்டம் வரவில்லை. ஞாயிறு பொழுது சாய்ந்ததும் ராமாத்தாள் வந்தாள். கையில் துணி மூட்டை. அதை அவிழ்த்து விளக்கடியில் இரண்டு சிட்டத்தை வைத்தாள்.

“என்ற ஊட்டுல சிம்னி விளக்கை வெச்சுத்தான் எடுத்தேன். ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். எனக்கே தெரியுது. எது பச்சைன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்.”

“விடியட்டும், அம்மிணி.”

“ஏன், இதுக்கும் ஆராச்சும் வந்து காசு குடுக்கோணுமா?”

உள்ளே பூவாத்தாள் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள். நாச்சிமுத்து சிட்டத்தைத் தொடக்கூட இல்லை. “நீயே மூட்டையைக் கட்டி அந்த ஆணியில மாட்டிட்டுப் போ. முடிச்சை என்ற கை தொடாது. காலையில நீயே வந்து அவுத்துப் பாரு.”

அவள் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டுப் போனாள்.

காலையில் தனியாக வரவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். முடிச்சு மூன்றும் போட்டபடியே இருந்தன. அவிழ்த்து, வெயிலில் நீட்டிப் பிடித்தாள்.

இரண்டும் நீலம். ஒன்று கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான்.

ராமாத்தாள் சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மாற்றிக் கட்டவில்லை, அவர் தொடவில்லை. “பச்சைன்னு நெனச்சுத்தான எடுத்தேன்...” என்றாள். பிறகு குரல் மாறியது. “அப்ப அன்னிக்குப் போனது நீலக் காரா இருக்கலாமுங்ளா அண்ணா?”

“இருக்கலாம்.”

கூட்டத்தில் ஒரு அம்மாளுக்கு அடுப்பில் உலை வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு மாடு. குமாரபாளையத்தில் நீலக் கார் ஒன்றுதான் உண்டு. அது நிற்பது மருதாசலத்தின் நூல் கடை வாசலில். அந்தக் கடை நூல் இல்லாவிட்டால் ஊரில் பாதித் தறி ஓடாது.

“வாங்ணா,” என்றாள் ராமாத்தாள். “இப்ப வெய்யில் இருக்குது.”

பூவாத்தாள் வாசற்படிக்கு வந்துவிட்டாள். “ஏனுங்க, நம்ம தொட்டிக்கு வர்றதும் அவுங்க நூலுதானுங்க.”

“அந்த நூலு நாலு நாளா வல்லியே, பூவாத்தா,” என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

கார் கிழக்கு வெயிலில் நின்றது. மருதாசலம் கல்லாவில் இருந்தபடியே பார்த்துச் சிரித்தார். “என்ன நாச்சிமுத்து, காருக்குச் சாயம் முக்கப் போறியா?”

நாச்சிமுத்து குனிந்தார். கதவைப் பார்த்தார். வலப்பக்க மட்கார்டைப் பார்த்தார். இடப்பக்கம் வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார். தெருவில் எட்டுப் பேராக இருந்தது முப்பது பேராகிவிட்டது.

“கதவும் வலப்பக்கமும் ஒரே தொட்டி நீலமுங்க. நாலஞ்சு வருச வெய்யில் பட்டு வெளுத்திருக்குது. இந்த இடப்பக்க மட்கார்டு வேற தொட்டி. இது இன்னும் ரெண்டு மாச வெய்யில்கூடப் பாக்கலீங்க.”

“மாடு முட்டிருச்சு. பெயிண்டு அடிச்சேன்.” மருதாசலத்தின் சிரிப்பு போய்விட்டது.

“எப்பங்க முட்டுச்சு?” என்று ராமாத்தாள் கேட்டாள். “எந்த ஊரு மாடுங்க?”

மருதாசலம் அவளைப் பார்க்கவில்லை. “நாச்சிமுத்து, ஆரோட நூலுக்கு நீ சாயம் போடறேன்னு மறந்துபோடாத.”

“மறக்கலீங்க. வெய்யில்ல பாத்ததைத்தான் சொன்னேன். கோர்ட்டுலயும் இதைத்தான் சொல்லோணும்.”

குமாஸ்தா சண்முகவேல் கடைக்குள் பேரேட்டின்மேல் குனிந்திருந்தார். முதல் ஆளாகப் பச்சை என்று கூவியவர் இப்போது தலையைத் தூக்கவில்லை. அன்று பதினொரு மணிக்கு பஸ் வந்தது, பேப்பர் வந்தது. கிளப்புக்கு அவர் வரவில்லை. கந்தவேல் தாமாகவே ஒரு காப்பியைப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். நாச்சிமுத்து திருப்பி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை சங்ககிரி பஸ்ஸில் என்றைக்கும் இல்லாத கூட்டம். முன் பெஞ்சியில் ராமாத்தாள், அவளுக்குப் பின்னால் நாச்சிமுத்து. கடைசிப் பெஞ்சியில் ஒருவர் பக்கத்து ஆளின் காதில் சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. “எனக்கென்னமோ சந்தேகமாத்தான் இருக்குது. திருச்செங்கோட்டுக்காரங்க குடுத்து, மட்கார்டைப் பாக்கச் சொல்லியிருப்பாங்களோ?”

ராமாத்தாள் முழு உடம்போடு திரும்பினாள்.

“குடுத்திருந்தா எனக்கும் பங்கு வந்திருக்கோணுமில்ல? இல்லாட்டி, வாங்க, நீங்களும் எறங்கி மட்கார்டைப் பாருங்க. பொழுது உளுகற வரைக்கும் வெய்யில் இருக்கும்.”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. கடைசிப் பெஞ்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. புழுதி கிளப்பிக்கொண்டு பஸ்ஸை முந்தி மருதாசலத்தின் நீலக் கார் சங்ககிரிப் பக்கம் போனது. அதன் இடப்பக்க மட்கார்டு, அந்த ஒரு நொடியில், கறுப்பாக மின்னியது. புதுப் பெயிண்டா, வெறும் நிழலா என்று அந்த ஓட்டத்தில் நாச்சிமுத்துவாலேயே சொல்ல முடியவில்லை.