கடைசிப் பத்தியை வெட்டிய வாரம்

தபாலில் வந்த ஒரு புகைப்படம் வார இதழ் ஆசிரியரின் முன்பற்கள் இரண்டையும் உடைத்தது. அனுப்பியவள் சைக்கிள் கடைக்காரரின் தங்கை. சந்தையில் மூட்டை தூக்கும் இருவர் போட்ட சண்டையை அவள் படமெடுத்திருந்தாள். ஆசிரியர் உறையைப் பிரித்ததும் உள்ளேயிருந்த குத்து வெளியே வந்து, வேலையை முடித்துக்கொண்டு, ஒரு கசங்கலும் இல்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்கு முன் பல வருடங்கள் அவள் கட்டுரை மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவை யாரையும் அடித்ததில்லை, தூங்கவைத்ததோடு சரி. ஆசிரியர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டார். "படம் பிரமாதம்மா. ஆனா இத அப்படியே போட்டா வாசகன் மிஞ்ச மாட்டான். கூட ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

அவள் குத்திய மூட்டைக்காரனைத் தேடிப்போய், ஏன் குத்தினான் என்று கேட்டு எழுதினாள். எழுத எழுதப் படத்திலிருந்த முஷ்டி தளர்ந்தது. கடைசி வரியில் அடங்கியது. அடிக்கிறவன் கதையை முழுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் அவன் கை படத்தைத் தாண்டாது என்பது இப்படித்தான் தெரியவந்தது. கட்டுரை வெளியானது. அடுத்து தொழிற்சாலை வாசல் தடியடியை அட்டைப்படக் கட்டுரையாகக் கேட்டார் ஆசிரியர். அது சரியாக வந்தால் மாதாமாதம் அவளுக்குப் பக்கங்கள். அண்ணன் மட்டும் மசியவில்லை. "அட்டையில வந்துச்சுன்னா உன் இஷ்டம். இல்லன்னா கேமராவக் கட்டி வச்சுட்டு பஞ்சர் ஒட்ட வந்துடு."

வேலை போய் வாசலில் கூடியவர்கள் மேல் வாசல் காவலாளி தடியை ஓங்கிய நொடியை அவள் பிடித்தாள். அப்போது அவள் மூக்கும் உடைந்தது. பிறகு அந்தக் காவலாளி வீட்டுக்கே போய் எழுதினாள். படமும் எழுத்தும் அலுவலகத்தில் சாதுவாகத்தான் கிடந்தன. ஆனால் பக்கம் வடிவமைப்பவர், கத்தரி என்று பெயரெடுத்தவர், வலி மருந்து விளம்பரத்துக்கு இடம் போதாமல் கட்டுரையின் வாலைப் பிடித்து வெட்டினார். இதழ் வெளிவந்த காலையில் நகரத்தில் பிரித்த இடமெல்லாம் தடி இறங்கியது. முடி வெட்டும் கடையில் ஒரு தாடை பெயர்ந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரனின் இதழை எட்டிப் பார்த்தவனுக்கு விலா போயிற்று. தொழிற்சாலை முதலாளிக்கு இரண்டு முழங்காலும். முதல் பிரதியைப் புரட்டிய கத்தரிக்கு வலது கை. மருத்துவமனையில் பாய் விரிக்கவும் இடமில்லை. வலி மருந்து அமோகமாக விற்றது.

தோள் எலும்பு முறிந்து கிடந்த அண்ணன், தங்கை எழுதியதை வாழ்க்கையில் முதல்தடவையாகப் படித்திருந்தார். "என்னடி இது, பாதியில தொங்குது?"

"முடிவ வெட்டிட்டாங்கண்ணே."

"அப்ப ஏன் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? போய்ப் படிச்சுக் காட்டு, எல்லா வார்டுலயும்!"

அவள் கட்டில் கட்டிலாகப் போய்க் கடைசிப் பத்தியைப் படித்தாள். தடியடி நடந்த அன்று வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களில் அந்தக் காவலாளியும் ஒருவன் என்றது அது. அதை அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தன்னையும் நீக்கியவர்களுக்காகத்தான் அவன் சாயங்காலம் வரை அடித்துக்கொண்டிருந்தான். அவள் படித்து முடித்தபோது எல்லாப் பிரதிகளிலும் காவலாளி தடியைக் கீழே போட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். நெகட்டிவிலும் அப்படியே. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறான்.

அவளுக்கு மாதாமாதம் பக்கங்கள் கிடைத்தன. அவள் வரிகளில் ஒன்றைக்கூட எவரும் வெட்டியதில்லை. கத்தரி இடது கையால் விளம்பரங்களை வெட்டப் பழகிக்கொண்டார். ஆசிரியர் பல் கட்டிக்கொள்ளவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களிடம் வாயைத் திறந்து காட்டி, இந்தத் தரத்தில் கொண்டு வரச் சொல்வார். அண்ணன் இதழ் வந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசிப் பத்தி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இருந்தால், கழற்றி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிப்பார்.