ட்ராலி தானாகச் சரியவில்லை

தாடை வலி காது வரைக்கும் ஏறியிருந்தது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததற்குக் கிடைத்த கூலி. கிடங்கின் சாப்பாட்டு அறையில் மூன்று குழல்விளக்குகள். நடுவில் இருந்தது மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் காதில் அது விழாது என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் மத்தியானச் சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள். அப்போது பார்சல் கட்டும் கூலிக்காரி. இப்போது ஆட்டிசம் என்றால் என்னவென்று வகுப்பெடுக்க வந்தவள். புத்தகம் படித்து வந்தவள் இல்லை, அவளுக்கே ஆட்டிசம். அது இருக்கிறவர்கள் வாயாலேயே சொல்லவைக்கும் ஒரு சங்கம் அவளை அனுப்பியிருந்தது.

எதிரே பதினெட்டுப் பேர். ஷிப்ட் முடிந்த கையோடு வீட்டுக்கு விடாமல் பிடித்து உட்கார வைத்த கடுப்பு எல்லார் முகத்திலும் அப்பிக் கிடந்தது. கதவோரம் மேனேஜர், மடியில் கிடங்கு விபத்துகளை எழுதி வைக்கும் பழைய புத்தகம். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அட, நம்ம ரேடியோ!"

ஒலிபெருக்கியில் வருவதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வாள் என்பதால் அந்தக் காலத்தில் அவளுக்கு வைத்த பெயர். பழைய ஆட்கள் சிரிக்க, விஷயம் தெரியாத புது ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சங்கு அலறியபோது மூட்டை அடுக்குகிற ஆள் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு மூட்டைகள் நகரும் பெல்ட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த ஆள் உதறியதில் மேஸ்திரிக்கு உதடு கிழிந்தது. மறுநாளே அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சீட்டு வந்த பிறகு, கேஸ் ஆகிவிடுமோ என்று மேனேஜருக்குப் பயம் பிடித்தது. வகுப்பு ஒன்று வைப்போம், அது எப்படிப் போகிறதோ அதைப் பார்த்து அவரைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்றார். ஆக, இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் பிழைப்பு அவள் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் இங்கே தனக்கு நடந்ததை, எப்போதும் சொல்வது போலவே அவள் சொன்னாள். சங்கு அடித்தது. தலைக்குள் யாரோ தகரத்தைக் கிழித்தது போல இருந்தது. ஒருவர் கையைப் பிடித்தார். நான் கத்தினேன். சுற்றி நின்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அதனால் கையைப் பிடிக்காதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள், கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்கள். முப்பத்து நான்கு இடங்களில் இதையே, இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறாள். பல இடங்களில் கைதட்டினார்கள். ஒருசில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் மேஸ்திரி. "இவ்வளவு நல்லா பேசுறவளுக்கு என்னத்த ஆட்டிசம்? எங்களுக்கும்தான் சங்குச் சத்தம் பிடிக்கல. நாங்களும் பெல்ட்டுக்கு அடியில போய்ப் படுத்துக்கவா?"

"படுங்கண்ணே, சம்பளம் கட் ஆகாதுன்னா நானும் வரேன்" என்றது ஒரு குரல். அறை சிரிப்பில் குலுங்கியது.

"இது பேச்சு இல்ல, மனப்பாடம்" என்றாள் அவள். "எங்க மூச்சு விடணும்னுகூட மனப்பாடம் பண்ணியிருக்கேன். மனப்பாடம் இல்லன்னா எனக்கு வாய் வராது."

"அதான் நடுவுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு. நான் சொல்றேன் சார்." மேஸ்திரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவ கத்திட்டு மட்டும் போகல. மூட்டையோட நின்ன ட்ராலியத் தள்ளிவிட்டா. அதுக்கடியில மாட்டி, லேபிள் ஒட்டுற நம்ம லேபிள் அக்காவுக்கு ரெண்டு விரல் போச்சு. அப்ப இவ, இப்ப அவன். இந்த மாதிரி ஆளுங்கள உள்ள வெச்சிருந்தா நாளைக்கு யார் கை போகுமோ? யக்கா, எழுந்து கையக் காட்டு."

கடைசி வரிசையில் லேபிள் அக்கா இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அக்கா எழுந்திருக்கவில்லை. இடது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"என் கைய உனக்கு எதுக்குடா காட்டணும்? இங்க என்ன கண்காட்சியா நடக்குது?"

விட்டுப்போன பக்கம் இல்லை அது. அவளாகக் கிழித்தெடுத்த பக்கம். அதைச் சொன்னால் எவன் வகுப்புக்குக் கூப்பிடுவான்? பயந்து போவார்கள், நம்மைப் போன்றவர்களுக்கு வேலை தரமாட்டார்கள் என்று மற்றவர்களுக்காகக் கிழித்ததாகத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்காகவும்தான் கிழித்தாள்.

"உண்மைதான்" என்றாள். மனப்பாடத்தில் இல்லாத வார்த்தை அது. "நான்தான் தள்ளினேன். என் வலது கைய ஒருத்தர் பிடிச்சு முறுக்கினார். நான் இடது கையால தள்ளினேன். முறுக்கினது நீங்க."

மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார்.

"ட்ராலி தானா சரிஞ்சதுன்னுல்ல இதுல எழுதியிருக்கு. சாட்சிக் கையெழுத்து..." விரல் வரியில் நின்றது. "உங்களுது, மேஸ்திரி."

நீட்டிய கால் மெல்ல மடங்கியது. "அது... அக்காதான் சார் அப்படி எழுதச் சொன்னுச்சு."

"சொன்னேன்" என்று அக்கா எழுந்தாள். "இந்தப் பொண்ணு பொழப்புல மண் விழக்கூடாதுன்னு சொன்னேன். நீ எதுக்குக் கையெழுத்துப் போட்ட? முறுக்கினது வெளிய வந்துடும்னு போட்ட." அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் என்ன ஒழுங்கு? ஊர் ஊராப் போய் உன் வலியச் சொல்லிக் கைதட்டு வாங்குற. என் ரெண்டு விரல எங்கடி வெச்ச?"

வாய் அடைத்துக்கொண்டது. நாக்கு கல்லாகிக் கிடந்தது. இனி ராத்திரி வரை பேச்சு வராது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

மேனேஜர் மேஸ்திரியை ஆபீசுக்கு வரச் சொன்னார். மற்றவர்கள் நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். அவள் ஒரு தாளில் கிறுக்கி மேனேஜர் கையில் திணித்தாள்: 'மூட்டை அடுக்குகிறவரைத் திரும்ப எடுங்கள். ட்ராலியைத் தள்ளியது நான். அதற்கு அவரைத் தண்டிக்காதீர்கள்.' மேனேஜர் படித்தார், நான்காக மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பாக்கலாம்மா. நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயம் இல்ல."

வெளியே வராந்தாவில் அக்கா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மேல் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. இடது கையின் மூன்று விரல்கள் அதைப் பிடிப்பதும் நழுவ விடுவதுமாக இருந்தன. வகுப்பெடுக்க வந்தவளின் கை உதவத் தன்னால் நீண்டது. கேட்காமல் தொடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் அக்கா.

அவள் உதட்டைப் பிரித்தாள். காற்றுகூட வரவில்லை. தாளும் பேனாவும் கைப்பையில்தான் இருந்தன. இதை வாயால்தான் கேட்க வேண்டும், எழுதிக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

அக்கா பத்து எண்ணும் நேரம் நின்றாள். பிறகு பொத்தானை அப்படியே விட்டுவிட்டு, திறந்த கோட்டோடு மழையில் இறங்கி நடந்தாள். ஏழு வருடமாக அக்காவிடம் கேட்காத மன்னிப்பு இன்றும் பாக்கி.