பன்னிரண்டாயிரம் நாள்

விடிகாலை நாலு மணிக்கே கொப்பரைகள் கொதிக்கத் தொடங்கிவிடும். ஐந்நூறு பேருக்குச் சோளக் கஞ்சி. நொஹெமி இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆவியில் முகம் வெந்தது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. கூலி நாளுக்கு ஒரு டாலர்.

அமெரிக்காவின் லூசியானாவில் பைன் காட்டுக்கு நடுவே, முள்கம்பிக்குள் கிடக்கும் அந்த இடத்தைச் சிறை என்று சொல்லக்கூடாதாம். குடியேற்றத் தடுப்பு முகாமாம். திருடிவிட்டுச் சிறைக்குப் போனவனுக்காவது வெளியே வர ஒரு தேதி உண்டு. இவர்களுக்கு அதுவும் கிடையாது. நொஹெமி ஹோண்டுராஸிலிருந்து வந்து பதினோரு வருஷம் கோழி ஆலையில் நெஞ்சுக்கறி அறுத்தவள். இந்த நாட்டில் வசிக்கக் காகிதம் இல்லை என்று வேலைக்குப் போகும் வழியில் பிடித்துவிட்டார்கள். ஆறு வயது மகள் பக்கத்து வீட்டு பெர்த்தாவிடம் இருக்கிறாள். வியாழக்கிழமை நொஹெமிக்கு ஜாமீன் விசாரணை.

அடுத்த கொப்பரையில் நின்ற டெல்மி வீல் என்று அலறினாள். கொப்பரையைச் சாயாமல் பிடிக்கும் கொக்கி நழுவியிருந்தது. கொதிக்கிற கஞ்சி அவள் வலது கையை முழங்கையிலிருந்து விரல்வரை மூடிவிட்டது. மருந்தறையில் களிம்பு தடவி, இரண்டு மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடப்பாவிகளா, நாய்க்கு அடிபட்டாலும் இதைவிட நன்றாகப் பார்ப்பார்களே!

மதியம் சமையலறை அதிகாரி புரூயிட் ஒரு தாளோடு பெண்களின் கூடத்துக்கு வந்தார்.

"டெல்மி சொன்ன பேச்சு கேக்காம, தானே கொக்கியைக் கழட்டினான்னு எழுதியிருக்கு. பக்கத்துல நின்னவ நீதானே? ஒரு கையெழுத்து போடு."

"கொக்கி மூணு வாரமா ஆடுதுன்னு உங்ககிட்ட மூணு தடவை சொன்னேனே சார்!"

"எனக்கு ஞாபகம் இல்ல. வியாழக்கிழமை உனக்கு விசாரணைதானே? ஒழுங்கா வேலை பாக்கிறவன்னு நான் கடிதம் குடுத்தா ஜட்ஜ் தொகையைக் குறைப்பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

தாளையும் பேனாவையும் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

"போட்டுத் தொலையேன்டி!" என்றாள் டெல்மி, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "என்மேல பழைய நாடுகடத்தல் உத்தரவு இருக்கு. எனக்கு ஜாமீனே கிடையாது. நீயாவது புள்ளகிட்ட போய்ச் சேரு."

"உன் கையை வித்துட்டா நான் வெளிய போகணும்?"

"வித்துக்கோ. இனிமே எதுக்கும் உதவாது."

நொஹெமி பேனாவை எடுக்கத்தான் செய்தாள். பொய் சொல்வானேன், மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பேனா தாளைத் தொட்டதும் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. தாளைக் கிழித்துப்போட்டாள்.

வியாழக்கிழமை நீதிபதி தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்தார். முகாமிலிருந்து நடத்தைக் கடிதம் எதுவும் இல்லை என்றார் அரசு வக்கீல். பன்னிரண்டாயிரம் டாலர். மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டவேண்டும். கட்டுகிறவரிடம் முறையான காகிதங்கள் இருக்கவேண்டும். கூப்பிட்டபோதெல்லாம் அவள் நீதிமன்றத்துக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்பும். ஒரு தடவை வராவிட்டாலும் போச்சு. பெர்த்தாவிடம் காகிதமும் இல்லை, பணமும் இல்லை. தேவாலயத்து லனெல் அம்மாவிடம் காகிதம் இருந்தது, அவ்வளவு பணம் இல்லை. ஆறே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"நாளுக்கு ஒரு டாலர்னா முப்பத்திரண்டு வருஷத்துக்கு மேல ஆகும்டி," என்றாள் யதீரா. அவளும் சமையலறையில்தான் வேலை பார்க்கிறாள்; திங்கட்கிழமை அவளுக்கு ஜாமீன் விசாரணை. "உன் பேத்தி வந்துதான் உன்னை ஜாமீன்ல எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நொஹெமியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அந்தக் கொக்கி இன்னும் அப்படியேதான் ஆடுது," என்றாள் யதீரா கடைசியில். "நாளைக்கு யார் கையோ?"

"நாளைக்கு யாரும் போகவேண்டாம்," என்றாள் நொஹெமி.

மறுநாள் காலை சமையலறை மணி அடித்தது. கூடத்தில் ஒருத்தியும் அசையவில்லை. புரூயிட்டே வந்துவிட்டார்.

"என்ன திமிரா? ஐந்நூறு பேர் பசியோட இருக்காங்க!"

"நேத்து ராத்திரி சாப்பாடு போடும்போதே அவங்ககிட்ட சொல்லிட்டோம் சார், அவங்களும் சரின்னுட்டாங்க," என்றாள் நொஹெமி. "முதல்ல கொக்கியை மாத்துங்க. டெல்மியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அப்புறம் வர்றோம்."

"உனக்குக் குடுத்த ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லி எழுதுவேன்."

நொஹெமி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "எழுதுங்க. கொக்கியைப் பத்தியும் சேத்து எழுதுங்க."

"யதீரா! திங்கக்கிழமை ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

புரூயிட் சமையலறைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார். பெயர் வந்தவள் எழுந்து வேலைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தண்டனைக் குறிப்பு. கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் கட்டிலில் உட்கார்ந்தபடியே "இருக்கேன்" என்றாள். பதின்மூன்று பேர். அவர் பட்டியலை மடித்தார்.

மூலைக் கட்டிலிலிருந்து டெல்மியின் குரல் வந்தது.

"என் பேரை விட்டுட்டீங்களே, சார்!"