ஒடீல் வெட்டி எடுத்த மூச்சு

1

மொன்றியலில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் வேலை செய்பவர் பேச்சுவாக்கில் சொன்னார்: பேட்டிகளை ஒலிபரப்புவதற்கு முன் மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டிவிடுவார்களாம். அதற்குப் பெயர் சுத்தம் செய்வது. வெட்டிய மூச்சு எங்கே போகும் என்று கேட்டேன். "குப்பைக்குத்தான், வேற எங்க?" என்றார். இந்தக் கதை அங்கிருந்து வந்தது. மீதியை நான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு..."

வேண்டாம். இந்த ஊர்க் கதைகள் எல்லாமே பனியில்தான் தொடங்குகின்றன.

இன்னொன்று: ஞாயிறுதோறும் நவீன நடனம் பற்றி வானொலியில் பேசுகிறவள் ஒடீல். பேச வராத கலைஞர்களை ஸ்டூடியோவிலேயே ஆடவைத்து, தரையில் மைக்கை வைத்துப் பதிவு செய்வாள். நடனக்காரி மிரெய் அப்படித்தான் வந்து தன் பழைய தனிநடனத்தை ஆடினாள். அதற்கு இசை கிடையாது. அதைப் படம்பிடிக்க அவள் யாரையும் விட்டதுமில்லை. அடுத்த வசந்தம் வருமுன் இறந்துபோனாள்.

(இந்தத் தொடக்கம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது வருத்தமாகவும் இருக்கிறது.)

3

மிரெயோடு பல காலம் ஆடிய ஈவோன் ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"அந்தப் பதிவக் குடு. அஞ்சலிக் கூட்டத்துல நான் அத ஆடப்போறேன்."

"உன் முட்டிக்குத் தெரியுமா?"

"அதுகிட்ட இன்னும் சொல்லல. போடு, கேப்போம்."

போட்டாள். காலடிகள். இடையில் துடைத்துவிட்ட அமைதி. ஈவோன் தலையைச் சாய்த்தான்.

"மூச்சு எங்க?"

"எந்த மூச்சு?"

"தாளக் கணக்கே அவ மூச்சுதான், ஒடீல். இழுத்தா கை எழும்பும், விட்டா உடம்பு சரியும். காலடி எனக்கே தெரியும். இது நீ ரேடியோவுக்கு வெட்டினது. முழுசப் போடு."

(ஒலிபரப்பு முடிந்ததும் முழுப் பதிவை அழித்துவிடுவது அந்த நிலையத்தின் வழக்கம். கணினியில் இடம் போதாது.)

"தேடிப் பாக்கறேன்," என்றாள்.

"பாரு. அவதான் போயிட்டா. ஆட்டமாவது இருக்கட்டும்."

ஒடீல் பொய் சொல்கிறவள் இல்லை. "தேடிப் பாக்கறேன்" என்ற வரியை அடித்துவிட்டு உண்மையைச் சொல்லவைத்துப் பார்த்தேன். வாயைத் திறக்க மறுக்கிறாள். மிரெயின் ஆட்டத்தை எத்தனையோ பேருக்குக் கொண்டுசேர்த்தவள், அதில் இருந்த ஒரே இசையைக் கறை என்று நினைத்துத் துடைத்திருக்கிறாள். அதுவும் அக்கறையோடு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து.

4

ஒரு முடிவு: முழுப் பதிவு அழிந்துபோனதைச் சொல்லிவிடுகிறாள். ஈவோன் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போகிறான். கூட்டத்தில் பேசுகிறார்கள், காபி குடிக்கிறார்கள். யாரும் ஆடவில்லை.

வேறொரு முடிவு: காலடிகளைக் கேட்டபடி, இடைவெளிகளில் ஒடீல் தன் மூச்சையே பதிகிறாள். ஈவோன் அதற்கு ஆடுகிறான். வியர்வையோடு வந்து, "அவ என் பக்கத்துலயே இருந்தா," என்கிறான். அதற்குப் பிறகு ஒடீலால் அவன் முகத்தை...

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

5

இப்போது ஈவோன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, கம்பளத்தைச் சுருட்டி வைத்திருக்கிறான். வெறுங்காலோடு நின்றபடி ஒடீலுக்குப் போன் போடுகிறான். நான் நகர்ந்துகொள்கிறேன். ஒடீலின் இடத்தில் நீங்கள் எடுங்கள். அவன் முதலில் கேட்கப்போவது இதுதான்:

"கெடச்சுதா?"