வாளிக்குள் ஊற்றிய மருந்து

மரியாதை, மரியாதை என்று சொல்லியே என்னை வளர்த்துவிட்டார்கள். அந்த மரியாதையால் ஒரு தொட்டி நிறைய உயிர்களைச் சாகடித்தேன்.

பாரிசின் லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டிய முற்றமொன்றில் எங்கள் சங்கத்தின் எரிவாயுத் தொட்டி நிற்கிறது. ஒன்பது சாப்பாட்டுக் கடைகளின் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் அதற்குள் போகும். காற்றே படாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தின. ஒரு கூட்டம் சோற்றை உடைத்துப் புளிக்கவைக்கும். இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று எரிவாயு தரும். முதல் கூட்டம் முரடு, எதையும் தாங்கும். இரண்டாவது செல்லப்பிள்ளை, சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் படுத்துவிடும். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மூன்று மாதம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரமாக்குவதாகப் பொறுப்பாளர் ஜிஸ்லேன் சொல்லியிருந்தார். புதுச்சேரிக்காரர், சொன்னால் செய்வார். அந்த நிரந்தர வேலைக் கடதாசி கிடைத்தால்தான் மன்னாரிலிருக்கும் மனைவி டிலானியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம்.

பத்தாவது கிழமை வாயு குறைந்தது. நுரை கட்டியது. அளந்து பார்த்தால் புளிப்பு ஏறியிருந்தது. வாயு தரும் கூட்டம் செத்துக்கொண்டிருக்க, முரட்டுக் கூட்டம் தன் பாட்டுக்குப் புளிக்கவைத்துக்கொண்டே இருந்தது. புளிப்பை முறிக்க மூட்டை மூட்டையாக அப்பச்சோடா கொட்டினேன். இரண்டு நாள் தேறி, மறுபடி விழுந்தது. பிறகு ஒவ்வொரு கடையின் மிச்சச் சோற்று வாளியாக முகர்ந்து பார்த்தேன். தவரத்தினம் அண்ணையின் கடை வாளியில் நிலம் கழுவும் கிருமிநாசினி நாறியது.

பாரிசில் வந்து இறங்கியபோது என்னைத் தன் சமையலறைக்குள் எடுத்து, இரண்டு வருடம் சோறும் படுக்கையும் தந்த மனிதர் அவர். அவரிடம் போய் உங்கள் வாளிதான் நஞ்சு என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடையில் தேநீர் குடித்துக்கொண்டே, "அண்ணை, அந்த வாளி விசயத்திலை கொஞ்சம் கவனமா இருங்கோ" என்றேன்.

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே?" என்றார். விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன் நான்!

அடுத்த கிழமை தொட்டி முற்றாக அடங்கியது. எந்தக் கடை என்று ஜிஸ்லேன் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்னும் தேடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் பொய் சொன்னேன்.

"ரெண்டு வாரமா இதத்தான் சொல்றீங்க யூலியன்" என்றார். "தொட்டி செத்ததுக்கு நான் உங்கள குத்தம் சொல்லல. தெரிஞ்சே மறைக்கிறீங்களோன்னுதான் சந்தேகமா இருக்கு."

மூன்று மாதம் முடிந்தது. கடதாசி தரவில்லை, வேலையும் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் திறக்காமலே கெட்டேன்.

அன்று மதியமே அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் சந்தோசமாகப் பின்பக்கம் கூட்டிப்போய் வாளியைத் திறந்து காட்டினார். மேல்மாடியில் குடியிருக்கும் மதாம், வாளி நாறுகிறதென்று கடிதம் எழுதியதிலிருந்து தினமும் ஒரு போத்தல் மருந்து ஊற்றி வந்தாராம்.

"நீ சொன்னாப் பிறகு ரெண்டு போத்தல் ஊத்திறன். எங்களாலை உனக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாதெல்லோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: அந்த மருந்து என்ன செய்தது, தொட்டி செத்தது, வேலை போனது, டிலானியின் விண்ணப்பம் இனி இல்லை என்பது. மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"முகத்துக்கு நேரை சொல்லியிருந்தா அண்டைக்கே நிப்பாட்டியிருப்பனேடா. என்னை என்ன ஆளெண்டு நினைச்சனீ?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டார். டிலானியோடு தானே கதைப்பதாகவும், பிழை முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டேன்.

"டிலானி, வேலை போயிட்டுது" என்றேன். "பிழை என்ரை."